கோடு ஏறினால் தண்ணீர் நின்றது

அந்தத் தாளின் நான்கு மூலைகளிலும் நான்கு டீ கிளாஸ் வைத்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாளின் நடுப்பகுதி மட்டும் உப்பி உப்பி அடங்கியது. அதன் மேல் ஒரு நீலக் கோடு. இடப்பக்கம் ஏறி, உயரத்திலேயே கொஞ்ச தூரம் போய், நடுவில் ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறி விளிம்பு வரை போயிருந்தது.

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடம் அன்று நிறைந்திருந்தது. பாசனப் பிரிவின் பொறியாளர் வந்திருந்தார். இளம் பெண். கையில் பேனாவை வைத்துக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

"இது உங்க வாய்க்கால்ல தினமும் காலைல எடுத்த தண்ணி மட்டம். ஆடி மாசம் பொறந்ததுலேருந்து நேத்து வரைக்கும். பாருங்க, கோடு மேலதான் இருக்கு. நடுவுல ஒரு வாரந்தான் கொறஞ்சிருக்கு. தண்ணியே வரலன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"எங்க வயல வச்சு சொல்றோம் மேடம்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது.

பொறியாளர் சிரிக்கவில்லை. "வயல மேல அனுப்ப முடியாதுங்க. தாளத்தான் அனுப்ப முடியும். இந்தப் படம் தப்புன்னா ஏன் தப்புன்னு ஒரு பத்தி எழுதிக் குடுங்க. ஒரே ஒரு பத்தி. வெள்ளிக்கிழமை வாய்க்கால்ல மேல இருக்குற ஊரையும் உங்க ஊரையும் வச்சுப் பேசுறோம். அதுக்குள்ள வரலன்னா இந்தப் படம் மட்டுந்தான் பேசும்."

நான் கதவோரம், செருப்புகள் கிடந்த பக்கம் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் என்றால் அதுதான் என் இடம். இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, 'இவ்வளவு எழுதுகிறீர்களே, ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டீர்களா?' என்று கேட்டிருந்தார். மாட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பதை நெருங்கியும் அது போகவில்லை.

பச்சைப் பயிர் குத்தியது

எங்கள் ஊர் கடைமடை. வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் வயல் தொடங்குகிறது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. போர் போட்டுக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும்.

அந்த வருடம் ஆடியில் சம்பாவைப் புழுதியிலேயே விதைத்திருந்தோம். காய்ந்த மண்ணில் விதையைத் தூவி, மூடிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பது. ஆடிக் கடைசியில் ஒரு வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. விதை முளைத்தது. பிறகு நின்றுவிட்டது.

ஆவணி பாதி ஆகியும் வரவில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். குளிக்கலாம் என்று வாய்க்காலில் இறங்கி, வெடித்த தரையைப் பார்த்துவிட்டு, "குழாய் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

பயிர் ஒரு சாண் உயரத்தில் நின்று நுனி கருகத் தொடங்கியது. வயலுக்குள் நடந்தால் பாதத்தில் குத்தியது. பச்சைப் பயிர் குத்தக் கூடாது. இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருடச் சம்பா இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கண்ணீருக்கு எந்தக் கட்டம்?

பொறியாளர் போனதும் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தின் தலைவர் மாணிக்கம் மாமா என்னைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா அவர்.

"ராணி, நீ எழுதும்மா. உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுது."

ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் கவரில் பெயர் எழுதுவது நான்தான். மனு எழுதுவதும் நான்தான். யோசனை ஆண்களுடையது, எழுத்து என்னுடையது. அப்படியே பழகிவிட்டது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய ஐயா, வானம் பார்த்து வாடும் ஏழை விவசாயிகளாகிய நாங்கள், தங்கள் பொற்பாதங்களில்..."

"மேடம்னு போடணும் மாமா. ஐயா இல்ல."

"சரி, அம்மான்னு போட்டுக்க. தங்கள் பொற்பாதங்களில் கண்ணீரைக் காணிக்கையாக்கி..."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். "படத்தப் பத்தி எழுதச் சொன்னாங்க மாமா."

"படத்துலதான் ஒண்ணும் இல்லையே. கோடு அவங்க பக்கம் பேசுது. நாம அழுவுறதத் தவிர வேற என்ன செய்ய?"

"கண்ணீரு எந்தக் கட்டத்துல வரும்?"

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா, டீச்சர் கணக்கா பேசுற."

"தாள நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் மாமா. எழுதிட்டுக் காட்டுறேன்."

டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத் தாளைச் சுருட்டினேன். யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

அளவு சொல்லாத கோடு

நான் பத்தாவது வரை படித்தவள். கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். ஆனால் கிராஃப் கணக்கை மட்டும் விட்டதில்லை. பரீட்சை அறையில் அந்தக் கட்டம் போட்ட தாளைத் தனியாகக் கேட்டு வாங்கி, வரைந்து முடித்து, விடைத்தாளோடு நூல் கோத்துக் கட்டுவோம். கட்டங்களுக்கு நடுவே புள்ளி வைத்துக்கொண்டே போனால் கோடு தானாகப் பிறக்கும். பேச வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு ஏற்ற கணக்கு.

எங்கள் கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம். மேல் வலது மூலையில் அளவுத்திட்டம் எழுதாவிட்டால், கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார். "எங்க அளந்த, எப்படி அளந்தன்னு சொல்லாம போட்டா அது கோலம்," என்பார். கோலத்துக்கு மதிப்பெண் கிடையாது.

மத்தியானம் குழம்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, அடுப்படித் தரையில் தாளை விரித்தேன். மேல் வலது மூலையில் ஒன்றும் இல்லை. அடியில், எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அளவு எடுத்த இடம்: மேலூர் பாலம்.

ஊரின் உண்மைப் பெயரை இந்தப் பத்திரிகையில் எழுதவில்லை. மேலூர் என்றே இருக்கட்டும். அன்று எழுதிய தாளில் பெயரைப் போட்டேன், அதுவே போதும். மேலூர் நான் பிறந்த ஊர்.

முழுகும் எண்கள்

மேலூர் பாலத்தின் தூணில் வெள்ளை பூசிக் கறுப்பில் எண்கள் எழுதியிருக்கும். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று லஸ்கர் தினமும் காலையில் குறித்துக்கொண்டு போவார். இப்போது செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பாலத்தைத் தாண்டி, தண்ணீர் போகும் பக்கம் கல்லெறி தூரத்தில்தான் மேலூரார் கொரம்பு போடுவார்கள். வாய்க்காலின் குறுக்கே மூங்கில் முளைகளை அடித்து, வைக்கோல் அடைத்து, களிமண் அப்பித் தண்ணீரை மறிப்பது. தண்ணீர் முட்டி நின்று மட்டம் ஏறினால்தான் மேட்டில் இருக்கும் அவர்கள் வயல்களுக்குப் பாயும்.

அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் தூக்குவாளியில் டீ கொண்டுபோவேன். கொடுத்துவிட்டு நாங்கள் பிள்ளைகள் பாலத்தின் மேல் குப்புறப் படுத்துத் தூணை எட்டிப் பார்ப்போம். "அஞ்சு முழுவிடுச்சு. ஆறு கழுத்து வரைக்கும்," என்று கத்துவோம். பாலத்துக் கல் வயிற்றில் சுடும். கீழே பாசி வாசனை. கொரம்பு உயர உயர, எண்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். பிரித்துவிட்டால் தண்ணீர் ஓடிவிடும்; எண்கள் ஈரத்தோடு வெளியே வரும்.

மேலூரில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். கடைமடையில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் அந்தப் பாலத்தைப் பஸ்ஸில் தாண்டுவதோடு சரி. பொறியாளருக்கும் தெரிய வழியில்லை. படம் வருகிறது, எண் ஏறியிருக்கிறது, கோடு ஏறுகிறது.

குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் தாளை விட்டு எழுந்தேன்.

பள்ளத்தின் காரணம்

எங்கள் வீட்டுக் காலண்டரில் நான் எல்லாவற்றையும் குறிப்பேன். சிலிண்டர் மாற்றிய நாள், கோழி அடை வைத்த நாள். எங்கள் மதகில் தண்ணீர் வந்தால் ஒரு 'த'. ஆடி, ஆவணி இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். ஆடிக் கடைசியில் எட்டு 'த'. மற்ற நாளெல்லாம் வெறுமை.

தாளில் கோடு பள்ளமாக இறங்கியிருந்ததும் ஆடிக் கடைசியில்தான். கோடு இறங்கிய மறுநாள் எங்களுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. கோடு ஏறிய மறுநாள் நின்றிருக்கிறது.

ஏன் அந்த எட்டு நாள் என்பதும் எனக்குத் தெரியும். மேலூர்க் காளியம்மனுக்கு ஆடிக் கடைசியில் காப்புக் கட்டுவார்கள். கரகத்துக்கு ஓடுகிற தண்ணீரைத்தான் மொள்ள வேண்டும். மறித்து வைத்த தண்ணீர் அம்மனுக்கு ஆகாது. அதனால் காப்புக் கட்டும் முன்பே கொரம்பைப் பிரித்துவிடுவார்கள். காப்பு அவிழ்த்த பிறகுதான் மறுபடி போடுவார்கள். அம்மனுக்காகத் திறந்த தண்ணீரில்தான் எங்கள் விதை முளைத்திருக்கிறது.

அப்பா காலத்தில் முறை ஒன்று இருந்தது. இரண்டு நாள் அடைப்பு, மூன்று நாள் திறப்பு. மூங்கிலுக்குப் பதில் மணல் மூட்டை வந்த பிறகு, அடுக்கியதைப் பிரிக்க யாருக்கும் மனமில்லை. முறை போய்விட்டது. மேலூரில் இப்போது பாசனத்தைக் கவனிப்பது என் அண்ணன் சேகர்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி கேட்டுக்கொண்டார்.

"எழுதுறதுன்னா எழுது. எழுதிட்டு அப்பறம் அழாத."

"அழ மாட்டேன்."

எந்த ஊருக்காரி

முதுகுக்குப் பின்னால் எழுத எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மேலூர் போனேன். பாலத்தில் இறங்கி எட்டிப் பார்த்தேன். ஆறாம் எண் தெரியவில்லை.

அண்ணி காப்பி கொடுத்தார். அண்ணனே பேச்சை ஆரம்பித்தார்.

"என்ன பாப்பா, அங்க பயிரு காயுதாமுல்ல?"

"காயுது. அதுக்குத்தான் வந்தேன். கொரம்பு எத்தன நாளா கெடக்கு?"

"கொரம்பா? சும்மா நாலு மூட்ட கெடக்கு."

"நாலு மூட்டைக்கி ஆறாம் நம்பரு முழுவுமாண்ணே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் தாளை விரித்துக் காட்டினேன். பள்ளத்தைத் தொட்டு, "இது காப்புக் கட்டுன வாரம்," என்றேன். அண்ணன் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

"இத யாரு கண்டுபுடிச்சா?"

"நாந்தான்."

"எழுதிக் குடுக்கப் போறியா?"

"ஆமா."

அண்ணி குறுக்கிட்டார். "வீட்டு விஷயத்தப் போயி ஆபீசுல..."

"வாய்க்கா வீட்டு விஷயம் இல்ல அண்ணி."

"வாய்க்கா தரை எறங்கிப் போச்சு பாப்பா," என்றார் அண்ணன். "மூட்ட போடலன்னா எங்களுக்கு ஒரு சொட்டு ஏறாது. நாங்க மட்டும் காயணுமா?"

"காய வேணாம். பழையபடி முறை வைங்க. ரெண்டு நாள் அடைங்க, மூணு நாள் தெறங்க."

"தூக்குறதுக்கும் அடுக்குறதுக்கும் ஆளு எங்க இருக்கு?"

"எங்க ஊரு ஆளுவோ வந்து தூக்குறோம்."

"அப்ப எழுதாம வந்து தூக்குங்க."

"எழுதாமதான் போன வருஷம் மாணிக்கம் மாமா வந்து தண்ணி கேட்டாரு. டீ குடுத்து அனுப்பிட்டீங்க."

அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சின்ன வயதில் அவர் பம்பரத்தை நான் எடுத்து ஒளித்தபோது பார்த்த அதே முகம்.

"நீ எந்த ஊருக்காரி?"

"பயிரு காயிற ஊருக்காரி," என்றேன்.

வழக்கமாகப் பஸ் ஸ்டாண்டு வரை வருவார். அன்று வரவில்லை.

அந்தப் பத்தி

மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை 'அநியாயம்' என்று ஒரு சொல், 'வஞ்சனை' என்று ஒரு சொல் வந்துவிட்டன. திரும்பத் தாளைப் பார்த்தேன். கோட்டில் அநியாயம் எங்கும் தெரியவில்லை. மட்டம்தான் தெரிந்தது. அடித்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது இது:

'இந்த வரைபடம் ஆடித் தொடக்கத்திலிருந்து ஆவணிப் பாதி வரை மேலூர் பாலத்தில் தினமும் காலையில் அளந்த தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான நாட்களில் மட்டம் உயர்ந்திருக்கிறது. ஆடிக் கடைசியில் எட்டு நாட்கள் தாழ்ந்திருக்கிறது. ஆனால் கடைமடை மதகில் தண்ணீர் வந்தது அந்த எட்டு நாட்களை ஒட்டி மட்டுமே, ஒரு நாள் தாமதத்தில். மட்டம் உயர்ந்து நின்ற நாட்களில் வரவில்லை. பாலத்துக்குக் கீழே வாய்க்காலின் குறுக்கே கொரம்பு இருப்பதே காரணம். அது இருந்தால் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறுகிறது. பிரித்தால் தண்ணீர் ஓடி மட்டம் இறங்குகிறது. காளியம்மன் காப்புக்காக அந்த எட்டு நாள் பிரித்திருந்தார்கள். ஆகவே இந்தக் கோட்டின் உயரம் ஓடிய தண்ணீரைக் காட்டவில்லை. நின்ற தண்ணீரைக் காட்டுகிறது. மேட்டில் இருக்கும் மேலூர் வயல்களுக்குக் கொரம்பு தேவைதான். முறையில்லாமல் எல்லா நாளும் அடைப்பதால்தான் கடைமடைக்குத் தண்ணீர் இல்லை. நான் மேலூரில் பிறந்தவள். கொரம்பு போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். இப்போது அதைப் போடுவோரில் என் அண்ணனும் ஒருவர்.'

மாணிக்கம் மாமா இரண்டு தடவை படித்தார்.

"கேட்டுக்கொள்கிறோம்னு ஒரு எடத்துல கூட இல்லையேம்மா."

"இல்ல மாமா."

"தாழ்மையுடன்னாவது போடு. கெத்தா இருக்கு."

"கோடு தாழ்மையா இருக்காது மாமா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கடைசி வரியில் விரல் வைத்து, "இது வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை

பாசன அலுவலகத்தில் ஒரு பக்கம் மேலூரார், ஒரு பக்கம் நாங்கள். பொறியாளர் தாளைப் படித்துவிட்டு, "இதை எழுதினது யாரு?" என்றார். மாமா என்னைக் காட்டினார்.

"நீங்களே படிங்கக்கா."

எழுந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படித்தேன். குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் நடுவில் நிறுத்தவில்லை.

"படத்தப் பாத்துக் கத சொல்லுறாங்கய்யா," என்றார் மேலூர்க்காரர் ஒருவர். அந்தப் பக்கம் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து, என்னைப் பார்க்காமல் பொறியாளரிடம் பேசினார்.

"மேடம், காப்பு வாரத்துல நல்ல மழை. கடைமடைக்கிப் போனது மழைத்தண்ணி. கொரம்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

மழை பெய்ததா என்று எங்கள் பக்கத்தில் அவரவர் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் உட்காரவில்லை.

"மழ பேஞ்சிருந்தா பாலத்துல மட்டம் ஏறியிருக்கணும்," என்றேன். "எறங்கியிருக்கு."

பொறியாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பேனாவால் பள்ளத்தை மெல்லத் தட்டினார். பிறகு சுவரோரம் நின்ற லஸ்கரிடம் திரும்பினார்.

"பாலத்துக்குக் கீழ கொரம்பு இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க மட்டந்தான் கேட்டீங்க."

அப்புறம் பேச அதிகம் இருக்கவில்லை. மூன்று நாள் திறப்பு, இரண்டு நாள் அடைப்பு என்று முறை எழுதினார்கள். மூட்டை தூக்க இரண்டு ஊரிலிருந்தும் ஆள். எங்கள் மதகிலும் ஓர் அளவுகோல் வரைய வேண்டும். இரண்டு இடத்துப் படமும் தினமும் வர வேண்டும்.

கலையும்போது பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழும் தூரம்.

"கடைசி ரெண்டு வரிய எடுத்துடலாங்கக்கா. ஃபைலுக்கு அது தேவையில்ல. குடும்பத்துல உங்களுக்கும் சங்கடம்."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இருக்கட்டும் மேடம். உனக்கு எப்படித் தெரியும்னு நாளைக்கி யாராச்சும் கேட்டா, அதுதான் பதில்."

கீழே கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது அண்ணன் போயிருந்தார்.

கணுக்கால் தண்ணீர்

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும். பிறகு கலங்கல். கடைசித் துண்டு வயல் இரண்டு பிழைக்கவில்லை. மற்றவை நிமிர்ந்தன.

அடுத்த வாரம் நாங்கள் வயலில் இருந்தோம். நெருக்கமாக முளைத்த இடத்தில் பிடுங்கி, கருகிப்போன இடத்தில் ஊன்றும் வேலை. அண்ணன் போன் செய்தார். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"இங்க ஊரே என்னைய ஒரு மாதிரி பாக்குது. அந்தக் கடைசி வரிய எடுத்துருக்கலாமுல்ல. அந்தப் பொண்ணே எடுக்கலாம்னுச்சு."

"எடுத்துருந்தா, இவளுக்கென்ன தெரியும்னு அடுத்த கூட்டத்துல திரும்பவும் மழைன்னு சொல்லுவீங்க."

மறுமுனையில் ஒரு மாடு கத்தியது.

"பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கிட்டு நான் வர மாட்டேன். எதிர்பாக்காத."

"சரிண்ணே."

"அவ்வளவுதானா? மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை வராதா?"

கணுக்கால் வரை தண்ணீர் இருந்தது. எனக்கு நாக்கு ஒட்டவில்லை.

"தப்பா எழுதியிருந்தா மன்னிப்புக் கேக்குறேன். எந்த வரி தப்புன்னு சொல்லுங்க."

அவர் வைத்துவிட்டார். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, கையில் இருந்த பயிரை ஊன்றினேன்.

இதை எழுதும் இன்று வரை, எந்த வரி என்று அவர் சொல்லவில்லை.